பாலாற்றுத் தவளைகளும் என் புல்லாங்குழலும்

இருபது வருஷம் கிராமிய இசைக்குழுவில் புல்லாங்குழல் வாசித்தேன். போன வருஷம் குழுவை விட்டு, மழைக்கும் பறவைக்கும் நடுவே தனியாக வாசித்துப் பதிவு செய்யத் துணிந்தேன். கூட்டாளிகள் இல்லாமல் என்னால் முடியுமா என்ற பயம் மட்டும் போகவில்லை.

முதல் பதிவுக்கு, மழை விட்ட ஒரு சாயங்காலம், விரிஞ்சிபுரம் பக்கம் பாலாற்றங்கரைக்கு மனைவியோடு போனேன். குட்டையெல்லாம் தவளைச் சத்தம். போனை அவளிடம் கொடுத்துப் பதிவு செய்யச் சொன்னேன். எங்கள் குழுவில் அம்மனை உரக்கக் கூப்பிட்ட பிறகுதான் வாத்தியத்தைத் தொடுவோம். அந்தப் பழக்கத்தில், "ஓம் சக்தி! பராசக்தி!" என்று அடிவயிற்றிலிருந்து கத்திவிட்டேன். அத்தனை தவளையும் கப்பென்று அடங்கிவிட்டது.

"இன்னாங்க, உங்க புது செட்டு முதல் நாளே ஓடிப்போச்சே!" என்று அவள் குலுங்கிச் சிரித்தாள்.

"சும்மா இரும்மா. நீ சிரிச்சா இன்னும் பேஜாரு."

'தாயே, நீயே துணை' என்று இந்தமுறை மனசுக்குள் சொல்லிக்கொண்டு, மெதுவாக ஊதினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு தவளை குரல் கொடுத்தது. அவள் ஒரு விரலைக் காட்டினாள். பிறகு இரண்டு, மூன்று. அப்புறம் அவளுக்கு விரல் போதவில்லை. எனக்கும் பயப்பட நேரமில்லை.