வண்டிக்கு வண்டி ஓடிய இன்ஜின்

என் மகள் வயிற்றுப் பேரன் தர்மபுரி வீட்டு மாடியறையில் உட்கார்ந்துகொண்டு யாரோ வெளிநாட்டுக்காரர்களுக்கு வேலை செய்கிறான். மாதச் சம்பளம் கிடையாது. வேலை செய்த நேரத்துக்குத்தான் காசு. கம்ப்யூட்டரில் ஒரு கடிகாரத்தை ஓடவிட வேண்டும், டீ குடிக்க எழுந்தால் நிறுத்த வேண்டும், வந்ததும் மறுபடி ஓடவிட வேண்டும். வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் கூட்டிப் பில் அனுப்புவான். ஓடவிட மறந்தானா என்ற கவலை அவனைவிட எனக்குத்தான் அதிகம். போன வாரம் நாற்பது நிமிடம் விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னேன். "போனா போவுது தாத்தா, நல்ல மனுசங்க" என்றான். எனக்கு எரிச்சல்தான் வந்தது. சற்று நேரம் கழித்து என் தாய்மாமாவின் நினைவு வந்தது.

மாமா அம்மாவின் தம்பி. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து ஓர் ஆயில் இன்ஜின் வாங்கினார். அதை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு, மொரப்பூர்ப் பக்கத்து ஊர்களில் கிணறு வெட்டும் இடங்களுக்கு வாடகைக்கு ஓட்டினார். எங்கள் பக்கமெல்லாம் பாறை. ஆட்கள் உள்ளே இறங்கி உடைக்க உடைக்க ஊற்று கசிந்துகொண்டே இருக்கும். மேலே இன்ஜின் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கீழே கடப்பாரை பிடிக்க முடியும். டீசல் செலவு மாமாவுடையது.

இன்ஜின் எவ்வளவு நேரம் ஓடியது என்று எப்படிச் சொல்வது? மாமாவிடம் கைக்கடிகாரம் இல்லை. இருந்தாலும் வாடகை வாங்குகிறவன் கடிகாரத்தைக் கொடுக்கிறவன் நம்பமாட்டான். அதனால் இரண்டு பேருக்கும் பொதுவாக ரயிலை வைத்துக்கொண்டார்கள். காலையில் சேலம் போகும் பாசஞ்சர் கடந்ததும் இன்ஜினைக் கிளப்புவார். மத்தியானம் திரும்பி வரும் பாசஞ்சர் கடந்ததும் நிறுத்துவார். வண்டிக்கு வண்டி ஓர் ஓட்டம். ஓட்டத்துக்கு இவ்வளவு என்று பேச்சு. சனிக்கிழமைகளில் என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, 'ஓட்டம் ஆறு' என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அதுதான் அவர் பில்.

கோடை விடுமுறையில் நான் அவருடன் போன கிணறு, ரயில் பாதையை ஒட்டி நிலம் வைத்திருந்த ஒரு பெரியவருடையது. அவருக்குப் படிக்கத் தெரியாது. மாமாவின் தாளை அவருடைய மகள்தான் வாசித்துச் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் வாசிப்பதைப் போல, நிறுத்தி, ஏற்ற இறக்கத்துடன் வாசிப்பாள். மற்ற நாட்களில் மோர் கொண்டு வருவாள்.

"இன்னிக்கி எப்பங்க நிக்கும்?" என்று இன்ஜினைப் பார்த்துக் கேட்பாள்.

"வண்டி வந்தா நிக்கும்" என்று மாமாவும் இன்ஜினைப் பார்த்தே சொல்வார்.

தினமும் இதே கேள்வி, இதே பதில். தெரிந்த விஷயத்தை எதற்குக் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பெரியவர் முதலில் மாமாவைத் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டார். நான்காவது வாரம் 'மாப்ளே' என்று ஆரம்பித்தார். கிணற்றுக்குள்ளிருந்து ஆட்கள் சிரித்தார்கள்.

அந்தப் பெரியவரிடம் எனக்குப் பிடிக்காத ஒரு பழக்கம் இருந்தது. வாடகையைக் கொடுக்கும்போது ஒரு ரூபாயைப் பிடித்துக்கொள்வார். "இது கெடக்கட்டும் மாப்ளே, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்பார். அடுத்த வாரத் தாளின் தலைப்பில் மாமா 'பழைய பாக்கி ஒரு ரூபாய்' என்று எழுதுவார். அவரும் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொள்வார். ஐந்து வாரமாக இப்படி. மாமாவுக்குக் கேட்கத் துப்பில்லை என்று நினைத்தேன்.

ஆறாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, மத்தியான வண்டி வரவில்லை. ஆட்கள் ஏறி வந்து சோறு தின்று, வேப்ப மரத்தடியில் சாய்ந்துவிட்டார்கள். இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாமா நிறுத்தவில்லை. வண்டி வரும்வரை என்றுதானே பேச்சு.

"ஏன் மாப்ளே, வண்டி நாளைக்கி வந்தா நாளைக்கி வரைக்கும் எறைப்பியா?" என்றார் பெரியவர்.

"சொன்ன சொல்லு சொல்லுதானுங்க மாமா" என்றார் மாமா. பெரியவரை 'மாமா' என்று அழைத்தது அன்றுதான் முதல் தடவை. மோர் இரண்டாம் முறை வந்தது. மாமா சிரித்தபடி உட்கார்ந்து குடித்தார். அவ்வளவு டீசல் வீணாவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதர் எப்படிச் சிரிக்க முடியும் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

தாமதமாக வந்த அந்த வண்டியில்தான் அப்பா வந்தார். அவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர். சேலத்துக்கு வேலையாகப் போயிருந்தவர். நடுவழியில் நின்ற ரயிலில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தையே பார்த்திருக்கிறார். வண்டி கிணற்றைக் கடக்கும்போது ஜன்னல் வழியே இன்ஜின் புகையும் தெரிந்திருக்கிறது.

"மூணு மணி இருவது நிமிசம் அதிகமா ஓடியிருக்குது மாப்ளே" என்றார் இரவு வீட்டில்.

"வண்டிக்கு வண்டிதானுங்க மாமா பேச்சு. ஒரே ஓட்டந்தான்" என்றார் மாமா.

"சங்கிலி மூழ்கிப் போனா வண்டியா வந்து மீட்டுக் குடுக்கும்?"

அம்மா வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

சனிக்கிழமை அப்பாவே பில் எழுதினார். சங்கத்துக் காகிதம், சிவப்பு மசியில் கோடு, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. மாமா கொண்டுபோகத் தயங்கினார். அப்பா தானே கிளம்பினார், என்னையும் கூட்டிக்கொண்டார். மாமா எங்களுக்கு முன்பே போய் இன்ஜின் பக்கத்தில் நின்றிருந்தார். பில்லை அந்தப் பெண்ணிடம் கொடுத்தோம்.

அவள் வழக்கம்போல வாசிக்க ஆரம்பித்தாள். "வியாழக்கிழமை. ரயில் தாமதத்தால் கூடுதலாக ஓடியது, மூன்று மணி இருபது நிமிடம். அதற்கான டீசல்." அங்கே ஒரு தடவை நின்றாள். பிறகு கடைசி வரை ஒரே குரலில் வாசித்தாள். "பழைய பாக்கி ஒரு ரூபாய். இனி பாக்கி வைக்காமல் தீர்க்கவும்."

"நல்லா படிக்குதே புள்ள!" என்று அப்பா மனமாரப் பாராட்டினார்.

பெரியவர் மாமாவைப் பார்த்தார். ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தது போல இருந்தது. மாமா சைலன்சரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியவர் வீட்டுக்குள் போய்ப் பணத்தைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் வைத்தார். "எண்ணிக்கங்க. எல்லாம் இருக்குது" என்றார். அப்பா என்னிடம் தந்தார், எண்ணினேன். எதுவும் பிடித்துக்கொள்ளவில்லை, பழைய ரூபாயும் இருந்தது.

"தம்பி, இன்ஜின எடுத்துக்கங்க. இந்த ஆழம் போதும்" என்றார் மாமாவிடம்.

கிணற்றில் இன்னும் பத்தடியாவது வெட்ட வேண்டியிருந்தது என்பது எனக்கே தெரியும். அடுத்த வாரம் வேறொருவர் இன்ஜின் அங்கே ஓடியது. தை மாதம் அந்தப் பெண்ணைக் காரிமங்கலம் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். சங்கிலி மீண்டு வந்தது. பிடித்துக்கொண்ட அந்த ஒரு ரூபாய், மாமாவை அடுத்த வாரமும் வரச் சொல்லும் அழைப்பு என்று எனக்கு விளங்கியபோது, மாமாவுக்கு நாற்பது வயது. கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அப்பாவுக்குக் கடைசி வரை விளங்கவில்லை. சங்கத்தில் புதிதாகச் சேரும் பையன்களுக்கெல்லாம் அந்தப் பில்லைத்தான் உதாரணமாகச் சொல்வார்.

அன்று இன்ஜினை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். அப்பாவும் நானும் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

"பாத்தியா, ஒரு சத்தம் வந்துச்சா? எழுதறபடி எழுதினா ஒருத்தரும் எதுத்துப் பேச மாட்டாங்க" என்றார் அப்பா. எனக்கும் அது பெரிய வெற்றியாகத்தான் பட்டது. மாமா வண்டியில் ஏறவில்லை. மாடுகளுக்குப் பக்கத்தில், மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி, ஊர் வரைக்கும் நடந்தே வந்தார். வண்டியில் இன்னும் ஒரு ஆளுக்குத் தாராளமாக இடம் இருந்தது. பாரம் குறையட்டும் என்று நடக்கிறார் என நான் நினைத்துக்கொண்டேன்.