ஷாலினிக்காக நான் செய்த ஜெபம்

கர்த்தர் எனக்குச் செய்த நன்மையைச் சபையில் ஒருமுறை எழுந்து நின்று சொன்னேன். அப்போது நேரம் போதவில்லை, தைரியமும் போதவில்லை. இங்கே முழுதாக எழுதுகிறேன். வாசிக்கிற உங்களுக்கு என் ஸ்தோத்திரம். என் பெயர் ஜெமிமா, சித்தூர்க்காரி.

போன வருடம் ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை. வெதுருகுப்பத்தில் நான் ஆங்கிலம் எடுக்கிற தனியார் பள்ளியில் மதிய இடைவேளை. டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு வாய்தான் வைத்திருப்பேன், போனில் மெயில் வந்தது. வியட்நாமில் எட்டு வாரக் கோடை முகாம், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிற வேலை. நான் தேர்வாகவில்லை. கண் கலங்கி முடிப்பதற்குள் வாட்ஸ்அப்பில் ஷாலினி.

"ஜெமி, எனக்குக் கெடச்சிடுச்சிடி! ஆண்டவருக்கே மகிமை!"

சாதத்தை அப்படியே மூடிவிட்டேன்.

ஷாலினி என் பெரியம்மா மகள். என்னைவிட இரண்டு மாதம் சின்னவள். ஒரே பள்ளி, ஒரே பாடகர் குழு, திருப்பதியில் ஒரே பி.எட். கல்லூரி. வகுப்பில் ஆங்கிலம் என்றால் ஜெமிமாதான். அவள் என் நோட்ஸை வாங்கிப் படித்தவள். போகட்டும். அந்த முகாமின் விளம்பரத்தை முதலில் பார்த்தது யார்? நான். சபை வாலிபர் குரூப்பில் போட்டது யார்? அதுவும் நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். சபைக்காரி சொல்லக் கூடாத பழமொழி, ஆனால் வேறு எதுவும் பொருந்தவில்லை.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. எங்கள் சபையில் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து காலம் தொடங்கும்போது வாலிபப் பெண்கள் சீட்டுப் போட்டு ஜெபப் பங்காளியைத் தேர்ந்தெடுப்போம். ஈஸ்டர் வரை ஒருவர் விண்ணப்பத்துக்காக மற்றவர் தினமும் ஜெபிக்க வேண்டும். எனக்கு விழுந்தது ஷாலினி. இருவருக்கும் ஒரே விண்ணப்பம், வெளிநாட்டு வேலை. ஆக, லெந்து காலம் முழுவதும் நான் முழங்காலில் நின்று அவளுக்கு அந்த வேலையைக் கேட்டேன். உண்மையாகத்தான் கேட்டேன். எனக்குக் கிடைக்காமல் அவளுக்குக் கிடைக்கும் என்று யார் நினைத்தார்கள்?

நான் அவளுக்காகச் செய்த ஜெபம் கேட்கப்பட்டது. அவள் எனக்காகச் செய்த ஜெபம் கேட்கப்படவில்லை. அப்படியென்றால் யாருடைய ஜெபத்தில் வலு அதிகம்? இந்தக் கணக்கை வீட்டில் சொன்னபோது நைனா, அதாவது என் அப்பா, பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அப்பிடின்னா இனிமே எல்லாருக்கும் நீயே ஜெபம் பண்ணு. உனக்கு மட்டும் அவ பண்ணட்டும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்தவர்களுக்குத் தெரியும், வெளிநாட்டுக் கதவு அவ்வளவு சுலபமாகத் திறக்காது. பாதி விளம்பரங்களில் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் மட்டும் என்று போட்டிருக்கும். மீதி இடங்களில் அனுபவம் கேட்பார்கள். கொஞ்ச காலமாவது வெளியே போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தால்தான் அடுத்த கதவு திறக்கும். எனக்கு இருந்தது ஒரு வருட அனுபவம். ஷாலினிக்கும் அதே ஒரு வருடம்தான். இதுதான் என்னைத் தின்றது. பஸ்ஸில் உட்கார்ந்தாலும் இதே நினைவு, போர்டில் எழுதும்போதும் இதே நினைவு. அம்மா அவளுக்கு ஊறுகாய் போட்டுக்கொடுக்க மாங்காய் வாங்கி வந்தார். அந்த மாங்காய் மேல்கூட எனக்குக் கோபம்.

மே மாதத்தில் திருப்பதியில் ஒரு ஏஜென்ட்டைக் கண்டுபிடித்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் மாடியில் ஆபீஸ், சுவர் முழுக்க விமானப் படங்கள். ஆங்கில டீச்சர் வேலை, ஜூன் முதல் வாரமே போகலாம், டூரிஸ்ட் விசா போதும், மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் ஷாலினியின் விமானம் ஜூன் இரண்டாம் வாரம். அவளுக்கு முன்னால் நான் போய் இறங்கி போட்டோ போட வேண்டும். அந்த ஆசை சந்தேகத்தின் வாயை அடைத்துவிட்டது.

"பயப்படகண்டி அம்மா," என்று தெலுங்கில் தைரியம் சொன்னார். திங்கட்கிழமை பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார். வீட்டில் யாருக்கும் நான் சொல்லவில்லை.

அதற்கு முந்தின நாள் ஞாயிறு ஆராதனையில் ஷாலினிக்கு வழியனுப்பும் ஜெபம். வெளியூர் போகிறவர்களை முன்னால் முழங்காலில் நிறுத்தி, தலைமேல் கை வைத்து ஜெபிப்பது எங்கள் சபை வழக்கம். போதகர் ஐயா மைக்கை என்னிடம் நீட்டினார்.

"ஜெபப் பங்காளி நீதானேம்மா. நீயே பண்ணு."

எங்கள் சபையில் எழுதிவைத்துக்கொண்டு ஜெபிக்கிறவர்களுக்கு மதிப்பில்லை. கண்ணை மூடினால் வார்த்தை தானாக வர வேண்டும். கண்ணை மூடினேன். அன்பின் பரம பிதாவே என்று தொடங்கினேன். உம்முடைய பிள்ளை ஷாலினியைக் கரம்பிடித்து நடத்தும் என்றேன். போக்குவரத்தில் காத்தருளும் என்றேன். அதற்குமேல் தெரிந்த வார்த்தைகள் தீர்ந்துபோயின. என் கைக்குக் கீழே அவள் தலை. மல்லிகைப்பூ வாசனை. வார்த்தை தானாக வந்தது.

"ஆண்டவரே, எனக்கு வயிறு எரியுது. வெளம்பரத்தப் பாத்தது நானு. லெந்து பூரா கேட்டதும் நானு. அவளுக்குக் குடுத்துட்டு என்ன ஏன் விட்டுட்டீரு? நாளைக்கி பாஸ்போர்ட்ட குடுக்கப் போறேன் ஆண்டவரே. இவளுக்கு முந்தி போயிடணும்."

பின்வரிசையில் ஒரு தாத்தா பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றார். நான் மைக்கை ஐயாவின் கையில் திணித்துவிட்டுப் பக்கவாசல் வழியாக ஓடினேன்.

செருப்பு விடும் இடத்திலேயே ஷாலினி என்னைப் பிடித்துவிட்டாள். அவளுக்கான ஜெபம் இன்னும் முடியவில்லை, அதை விட்டுவிட்டு வந்திருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"யாருகிட்டடி பாஸ்போர்ட்ட குடுக்கப் போற?"

சொன்னேன்.

"எந்த ஸ்கூலு? பேரு இன்னா?"

"அங்க போனப்பறம் சொல்லுவாங்களாம்."

"அக்ரிமென்ட்டு?"

"அதுவும் அங்கதான்."

"பேரே தெரியாத ஸ்கூலுக்கு எவளாவது போவாளா? போனைப் போடு."

போட்டேன். அவளே வாங்கி, தெலுங்கில் என் அக்கா மாதிரி பேசினாள். பள்ளியின் பெயரைக் கேட்டாள். வேலைக்கான விசா ஏன் இல்லை என்று கேட்டாள். மறுபக்கம் நீங்கள் யார் என்று கத்தினார்கள். அவள் மறுபடியும் பள்ளியின் பெயரைக் கேட்டாள். இணைப்பு அறுந்தது. அந்த வாரத்துக்குள் அந்த எண் செத்துப்போனது. மாடி ஆபீஸில் பூட்டு தொங்கியதை நைனா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வேலைக்கென்று போய் அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளின் செய்தியை நாம் எல்லோரும் டிவியில் பார்த்திருக்கிறோம். நான் அந்தச் செய்தியாக ஆகவில்லை. என் வயிற்றெரிச்சலையே வாய் வழியாக வெளியே இழுத்து என் தேவன் என்னைக் காப்பாற்றினார்.

அங்கேயே, செருப்புகளுக்கு நடுவே, அவளிடம் கேட்டுவிட்டேன்.

"உன்ன எப்பிடிடி எடுத்தாங்க? எனக்கு இல்லாதது உனக்கு இன்னா கீது?"

"டெமோ க்ளாஸ்ல நீ இன்னா நடத்துன?"

"கிராமர். பிரசென்ட் பெர்ஃபெக்ட்."

"ஐயோ ஜெமி! முகாமுக்கு வர்றது ஏழு வயசுப் புள்ளைங்கடி. நான் நம்ம விபிஎஸ்ல பண்றத அப்பிடியே பண்ணேன். பாட்டு, ஆக்‌ஷன், சாக்ஸுல செஞ்ச பொம்ம. வருஷா வருஷம் நாம செஞ்சிக்கினு இருக்கறதுதான. பயோடேட்டாலயும் எழுதுனேன்."

"அது சர்ச் வேல இல்ல?"

"புள்ளைங்களுக்குச் சொல்லித்தர்றது சர்ச்ல செஞ்சா வேல இல்லியா?"

நான் பத்தாம் வகுப்பிலிருந்து விடுமுறை வேதாகமப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறேன். கத்துகிற கூட்டத்தைக் கைதட்டியே அடக்குவேன். கதை சொன்னால் வாலுப் பிள்ளைகளும் வாய் திறந்து உட்காரும். அதை வேலைக்கான தகுதி என்று ஒருநாளும் நான் எண்ணியதில்லை. பி.எட். மதிப்பெண்ணை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். அவள் சொன்னது சரி. அது சரி என்பதே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஷாலினி போனாள். நான் பயோடேட்டாவை மாற்றி எழுதினேன். ஜூலையில் இரண்டு இடங்களில் இல்லை என்றார்கள். ஆகஸ்டில் தாய்லாந்தில் ஒரு பள்ளி வீடியோவில் டெமோ கேட்டது, அக்டோபர் விடுமுறையில் மூன்று வார முகாம். அம்மா மிக்ஸியை நிறுத்தினார், நைனா தெருவில் நின்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை அமர்த்தினார். நான் சாக்ஸ் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு காய்கறிப் பெயர்களைப் பாடி ஆடினேன். திரையில் இருந்த அந்தப் பள்ளி டீச்சர் முதலில் சிரித்தார், பிறகு அவரும் கையை ஆட்டினார். வேலைக்கான அனுமதியை அவர்களே எடுத்துத் தந்தார்கள். பள்ளியின் பெயரும் என் பெயரும் ஒரே தாளில் அச்சாகி வந்த அன்று, அதை வீட்டு ஜெபத்தில் நடுவில் வைத்து நைனா ஸ்தோத்திரம் செய்தார்.

போனேன். சொல்லிக்கொடுத்தேன். என் பெயரைச் சொல்ல வராமல் பிள்ளைகள் என்னை "டீச்சர் ஜெம்" என்று கூப்பிட்டார்கள். வரும் ஏப்ரலுக்கும் அழைத்திருக்கிறார்கள்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். பொய் சொல்ல மாட்டேன். போன மாதம் ஷாலினிக்கு வியட்நாமில் ஒரு வருட ஒப்பந்தம் கிடைத்தது. எனக்கு மூன்று வாரம், அவளுக்கு ஒரு வருடம். செய்தியைப் படித்ததும் பழைய நெருப்பு பற்றிக்கொண்டது. ஆனால் இப்போது அதை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அன்பானவர்களே, நல்ல மனசு வந்த பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் கோபத்தோடும் எரிச்சலோடும் அப்படியே அவரிடம் போங்கள். வாசலில் நிறுத்திவைக்கிறவர் அல்ல அவர். நானும் அப்படித்தான் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலிட்டேன். "ஆண்டவரே, அந்த ஒரு வருஷத்தில் அவளுக்கு ஒரு குறையும் வரக் கூடாது. எனக்கும் ஒரு வருஷம் வேண்டும், சீக்கிரம்," என்றேன். இரண்டையும் மனதாரத்தான் கேட்டேன்.