ஆபீசில் நடந்த வளைகாப்பு

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பெங்களூரில் அதை ஸ்வெட்டருக்குள் மறைக்கலாம். அறுபதுகளில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் இணைத்துக் கொடுக்கும் ஆபரேட்டராக இருந்தபோது, என் வயிற்றை அப்படித்தான் மறைத்து வைத்திருந்தேன். சித்திரை வெயிலிலும் "குளுருது" என்று சொல்லிக்கொண்டு, வியர்வை வழிய உட்கார்ந்திருப்பேன்.

எல்லாம் சூப்பர்வைசர் வேலைக்காக. அதற்கு இன்டர்வியூ வரவிருந்தது. சீனியாரிட்டியில் என் பெயர்தான் முதலில். பிரசவ விடுப்பு சட்டப்படி உண்டு, அதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் விடுப்பு கேட்கப்போகிறவளை யாரும் மேலே ஏற்றிவிடவும் மாட்டார்கள். எனக்கோ அந்த நாற்காலி வேண்டும். வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன்.

என் மாமியாருக்கு இந்த ராஜதந்திரம் எட்டவில்லை. அல்சூர் கோயிலில் எங்கள் அதிகாரியின் மனைவியைப் பார்த்ததும், பூரிப்பில் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

அதிகாரி தங்கமான மனிதர். எங்களை எல்லாம் பெற்ற பெண்களாக நினைப்பவர். ஆபத்தே அதில்தான் இருந்தது. தாய்வீடு தூரத்தில் இருக்கிற பெண், பாவம் என்று ஆபீசிலேயே எனக்கு வளைகாப்பு வைத்துவிட்டார், அதுவும் இன்டர்வியூ அன்று காலையில். அவர் மனைவி சிவாஜிநகரில் வாங்கி வந்த கண்ணாடி வளையல்களை இரண்டு கைகளிலும் அடுக்கினார். சந்தனம், புளிசாதம், எலுமிச்சை சாதம், எதிலும் குறைவில்லை. கன்னடத் தோழிகள் ஆரத்திப் பாட்டுப் பாடினார்கள்.

எல்லாம் முடிந்ததும், "என்னை எத்தன மணிக்கு சார் கூப்பிடுவாங்க?" என்று கேட்டேன்.

"உன் பேர நானே எடுத்துட்டேம்மா. மாசமா இருக்கற பொண்ண கேள்வி கேட்டு வதைக்கலாமா?"

"உக்காந்து பதில் சொல்றதுதானே சார்."

"மொதல்ல கொழந்த. உத்தியோகம் எங்க போயிடப்போகுது?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் மனைவி ஊட்டிவிட்ட எலுமிச்சை சாதத்தை மென்றுகொண்டே அவரோடு எப்படிச் சண்டை போடுவது? பக்கத்து ஸ்விட்ச்போர்டில் வேலை பார்க்கும் ஆங்கிலோ இந்தியப் பெண் என் வளையல்களைத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்க ஆளுங்க கேக் வெட்டி வூட்டுக்கு அனுப்புவாங்க. உங்க ஆளுங்க வளையல் போட்டு அனுப்புறாங்க. அவ்ளோதான் மேன்" என்றாள்.

மதியம் போர்டில் உட்கார்ந்தேன். கையை நீட்டும்போதெல்லாம் வளையல்கள் குலுங்கின. ட்ரங்க் கால் கேட்ட அத்திபெலே வியாபாரி ஒருவர், "என்னம்மா, கல்யாண வூட்லேர்ந்து பேசறியா?" என்று லைனிலேயே விசாரித்தார்.

சூப்பர்வைசர் வேலை எனக்கு ஜூனியரான ஒருவருக்குப் போனது. அந்த ஆளின் மனைவியும் அப்போது மாசமாகத்தான் இருந்தாள். "குடும்பம் பெருகுது. இனிமே இன்னும் பொறுப்பா இருப்பான்" என்று சொல்லி அதிகாரியே எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

விடுப்பு முடிந்து நான் திரும்பி வந்த பிறகு, ஒரு நாள் அந்த சூப்பர்வைசர் வேலைக்கு வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சலாம், பக்கத்திலேயே இருக்கிறாராம். இப்படி ஒரு பாசமான அப்பாவா என்று ஆபீசே உருகியது. அதிகாரி என்னிடம் வந்தார்.

"இன்னைக்கு அவன் சீட்ட நீ பாத்துக்கம்மா. உன்னவிட அந்த வேல யாருக்குத் தெரியும்?"

அந்த நாற்காலியில் சாயங்காலம் வரை உட்கார்ந்து வேலை பார்த்தேன். என் மகளுக்கும் அன்று காய்ச்சல்தான்.