கயிறு மாற்றாமல் கார் விற்காத மருதாத்தாள்

மாரப்பன் தன் மனைவி மருதாத்தாளை வியப்போடு பார்க்கத் தொடங்கியது கல்யாணமாகிப் பத்தொன்பதாவது வருஷத்தில், எழுபத்து நான்காம் ஆண்டு சித்திரையில். அதற்கு முன் அவர் அவளைப் பார்த்ததே குறைவு. வயலைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், மீதி நேரம் தன் அம்பாசிடரைப் பார்ப்பார்.

தமிழ்நாட்டு எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்டுக்குக் கேரளப் பக்கம், கூப்பிடு தூரத்தில் அவர்கள் வீடு. வீட்டில் மாடு விற்பதும் வாங்குவதும் மருதாத்தாளின் இலாகா. மாட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணினால் அதன் வயதையும், மூடினால் வாங்க வந்தவனின் வயதையும் சொல்லுவாள் என்று சந்தையில் பேச்சு. அவள் விற்ற மாடு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. கார் மாரப்பனின் இலாகா. கார் வந்து பதினோரு வருஷத்தில் அவள் அதில் முன்சீட்டில் உட்கார்ந்ததில்லை. உட்காரச் சொல்லி அவரும் கேட்டதில்லை.

கிணற்றுக்குப் புது மோட்டார் தேவைப்பட்டதால் காரை விற்க முடிவாயிற்று. விற்கிற விஷயம் வெளியே தெரிந்த மறுநாளே கந்தப்பன் என்பவன் வந்து நின்றான். வெள்ளைச் சட்டை, விரலில் மூன்று மோதிரம். எட்டாயிரம் என்றார் மாரப்பன்.

"அண்ணா, உங்க மொகத்துக்கு எட்டாயிரம் கொறைச்சலுங்க. எட்டரையா வச்சுக்குங்க" என்றான் கந்தப்பன்.

உலகத்தில் நல்லவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று மாரப்பன் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையாலேயே அவன் வெற்றிலை பாக்கில் வைத்து நீட்டிய நூறு ரூபாய் அச்சாரத்தை வாங்கிக்கொண்டார். வெற்றிலை கை மாறினால் அந்தப் பக்கத்தில் வார்த்தை கொடுத்த மாதிரி. பின்வாங்கினவனைச் சந்தையில் யாரும் மனுஷனாக மதிக்க மாட்டார்கள்.

"நாளைக் காலைல பணத்தோட வந்து ஓட்டீட்டுப் போயர்றனுங்க. ஆர்.சி. புக்குல பேரு மாத்தறதை ஒரு வாரங்கழிச்சுப் பாத்துக்கலாம். நமக்குள்ள என்னங்க?"

அவன் போன பிறகு மருதாத்தாள் மாட்டுச் சாளையிலிருந்து வந்தாள். கையில் பருத்திக்கொட்டைக் கூடை.

"ஏனுங்க, அந்தாளு இஞ்சினைத் தொறந்து பாத்தானா?"

"இல்ல. நம்ம மேல அத்தனை நம்பிக்கை."

"டயரை?"

"இல்ல."

"டிக்கியை மட்டும் மூணு வாட்டி சாண் போட்டு அளந்தானே, எதுக்கு? பின்சீட்டைக் கழட்ட முடியுமான்னு வேற கேட்டான். பல்லைப் பாக்காம வயித்தை மட்டும் தடவிப் பாக்கறவன் மாடு வளக்கறதுக்கு வரலீங்க."

மாரப்பன் காரின் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். தமிழ்நாட்டிலிருந்து அரிசி கடத்தும் கார்களுக்குப் பின்சீட்டு இருக்காது என்பது கோபாலபுரத்தில் குழந்தைக்கும் தெரியும். பிடிபட்டால் ஓட்டுகிறவன் கரும்புக்காட்டுக்குள் ஓடிவிடுவான். போலீஸ், புத்தகத்தில் எவன் பெயர் இருக்கிறதோ அவன் வீட்டுக்கு வரும். புத்தகத்தில் இருந்தது மாரப்பன்.

"வெத்தலை வாங்கீட்டனே, மருதா! வார்த்தை மாறுனா ஊருக்குள்ள எப்படித் தலைகாட்டறது? மாறலீன்னா செயிலு!"

"எதுக்குங்க மாறோணும்?" என்று கேட்டுவிட்டு அவள் மாட்டுக்குத் தீனி வைக்கப் போனாள்.

மறுநாள் கந்தப்பன் பணப்பையும் டிரைவருமாக வந்தான். மருதாத்தாள் காரின் முன்னால் நின்றிருந்தாள். நெற்றியில் குங்குமம், காருக்கும் சேர்த்து.

"வாங்க தம்பி. கயிறு கொண்டாந்தீங்களா?"

"என்ன கயிறுங்க அக்கா?"

"நீங்க எந்த ஊரு? மாடு வித்தா, வாங்கறவங்க அவங்க கயிறைக் கட்டித்தான புடிச்சுட்டுப் போவாங்க? எங்க கயிறோட அனுப்புனா பட்டியில இருக்கற லச்சுமியும் கூடவே போயருமுங்க."

"அக்கா, இது காருங்க!"

"பதனோரு வருசம் எங்க பட்டியில நின்ன சீவனுங்க. அதுக்குக் கயிறுன்னா புக்குல இருக்கற பேருதான். எங்க பேரை அவுத்துப்போட்டு உங்க பேரைக் கட்டுங்க, இந்த நிமிசமே ஓட்டீட்டுப் போங்க. எங்கூட்டுக்காரரு வார்த்தை மாற மாட்டாரு."

கந்தப்பன் அடுத்த வாரம் என்றான். அதுவரைக்கும் வண்டிக்குத் தீனி நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்றாள். ஒன்பதாயிரம் என்றான். கயிறு என்றாள். டிரைவர்கூட, "அம்மிணி சொல்றது மொறைதானுங்களே" என்று சொல்லி முதலாளியிடம் முறைப்பு வாங்கினான். கடைசியில் கந்தப்பன் வெடித்தான்: "உங்க சகவாசமே வேண்டாம், அச்சாரத்தைக் குடுங்க!"

வெற்றிலை சகிதம் கொடுத்தாள். வார்த்தை மாறியது அவன். மாரப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு இதைக் கண்டார். ஒரு ராஜ்யம் கத்தியின்றித் தப்பியதைக் கண்டவர் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார்.

இரண்டு வாரம் கழித்து வந்தவர் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் ரத்தினசாமி. வண்டிக்கு அடியில் அரைமணி நேரம் படுத்திருந்தார். வெளியே வந்து பதினேழு குற்றம் சொன்னார். ஏழாயிரத்துக்கு மேல் ஒரு காசு கிடையாது என்றார்.

"இவுரு வாங்கறவரு" என்று கணவன் காதில் சொன்னாள் மருதாத்தாள்.

பாலக்காட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு இரண்டு நடை நடந்தார்கள். பெயர் மாறி முத்திரை விழுகிறவரை சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. வண்டியைப் பெற்றுக்கொண்டதாக எழுதிய காகிதத்தில் தேதி மட்டும் போதாது, மணியும் வேண்டும் என்றாள். பகல் பதினொன்று நாற்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ரத்தினசாமி கும்பிட்டார். புத்தகத்தில் தன் பெயருக்குக் குறுக்கே கிழித்திருந்த சிவப்பு மைக் கோட்டை மாரப்பன் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பஸ்ஸில் திரும்பி வந்து செக்போஸ்டில் இறங்கியபோது ஒரே கூட்டம். பின்சீட்டில்லாத பியட் ஒன்று நிற்க, ரோடெல்லாம் அரிசி. பக்கத்து ஊர் சென்னிமலை நடுவில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

"வித்துப்போட்டனுங்க சார்! கந்தப்பன்னு ஒருத்தன், ஒரு வாரத்துல பேரு மாத்தறேன்னானுங்க!"

"புக்கில் தன்றெ பேரல்லேடோ?" என்று, புத்தகத்தில் இருப்பது அவர் பெயர்தானே என மலையாளத்தில் மடக்கினார் போலீஸ்காரர்.

மாரப்பன் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார். "மருதா, வா, வயக்காட்டு வழியாப் போயர்லாம்."

அவள் பையை அவர் கையில் கொடுத்தாள். "நீங்க போயி உலை வையுங்க. அந்தாளு மொகம், மோதரம், டிரைவரு அல்லாம் எனக்கு நெனப்பிருக்குது. சொல்லீட்டு வந்தர்றேன்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் கூட்டத்துக்குள் நடந்தாள். அந்தப் போலீஸ்காரர்மேல் மாரப்பனுக்கு முதன்முறையாக இரக்கம் பிறந்தது.