தாளில் இருந்த அடுத்த கேள்வி

நான் அருமனையைச் சேர்ந்த நர்ஸ். ஜெர்மனி வேலைக்காக நாகர்கோவிலில் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறேன். பேசிப் பழக, தமிழ் கற்கும் ஒரு ஜெர்மன் அம்மா ஆன்லைனில் கிடைத்தார்.

முதல் நாள் பதற்றத்தில் பதினைந்து கேள்விகளைத் தாளில் எழுதி செல்போன் பக்கத்தில் வைத்திருந்தேன். குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டேன். அவர் மெதுவாக ஏதோ சொன்னார். என் கண் தாளிலேயே இருந்தது. ஜெர்மனில் "ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டு, பிடித்த சாப்பாடு எது என்று கேட்டேன். கொஞ்சம் பொறுத்து, "உருளைக்கிழங்கு சூப்" என்றார். பதினைந்தையும் கேட்டு முடித்ததில் எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் என் பிழைகளைத் திருத்துவதற்காக செல்போனில் பதிவு செய்திருந்த அந்த வீடியோ அழைப்பைப் போட்டுக் கேட்டேன். ஜெர்மனில் ஒரு எழுத்தும் தெரியாத அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, அவிய அழுத மாதிரி இருக்கே, நீ கவனிக்கலியா?"

திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் அந்த அம்மா சொன்னது விளங்கியது. "என் மகன் இறந்துவிட்டான். மருமகள் தமிழ்ப் பெண். அவளிடம் தமிழில் நான் என்ன சொல்லட்டும்?"

அதற்குத்தான் ரொம்ப நல்லது என்றிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். எங்கள் பக்கம் துக்க வீட்டில் பெரிதாக எதுவும் சொல்லமாட்டோம், கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்போம் என்றும் எழுதினேன். பதில் வரவில்லை.

இப்போதெல்லாம் தாள் வைத்துக்கொள்வதில்லை. பேசுகிறவர் முகத்தைப் பார்க்கிறேன். புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அதை ஜெர்மனில் சொல்ல எனக்கு அன்றைக்கும் தெரியும்.