பூட்டிய கொட்டகையிலிருந்து வந்த பதில்

எண்பதுகளின் தொடக்கம். திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கணக்கைவிட வாய்தான் எனக்கு அதிகம். நாலு பேர் கூடிய இடத்தில் ஐந்தாவதாகப் போய் நின்று எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்காவிட்டால் அன்று சோறு இறங்காது.

ஒரு சனிக்கிழமை பாங்குக்குப் போய்த் திரும்பும்போது செக்ரடேரியட் வாசலில் ஊர்வலம். அந்த ஊரில் அது தினசரி நடப்பதுதான். அன்றைக்குக் கோஷம் போடுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டுவிட்டது. கூட்டம் பதில் சொல்லத் தயாராக நிற்கிறது, முன்குரல் வரவில்லை. எனக்கு மனசு கேட்குமா? எந்தக் கட்சி, என்ன கோரிக்கை, ஒன்றும் தெரியாது. "இன்குலாப்" என்று ஒரு சத்தம் கொடுத்தேன். "ஜிந்தாபாத்" என்று தெருவே அதிர்ந்தது. என் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன் கிடைத்ததே இல்லை. அந்தக் கிறக்கத்தில் மறுபடி மறுபடி கத்தினேன். லத்தி வந்தது. விவரம் தெரிந்தவர்கள் ஓடிவிட்டார்கள். கழன்றுபோன செருப்பைத் தேடிக்கொண்டிருந்த தலைவன் நான் மட்டும் அகப்பட்டேன்.

லாக்கப்பில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். வள்ளியூர்ப் பக்கத்துக் கொத்தனார். வேலை நடந்த இடத்தில் தண்ணீர் மோட்டார் காணாமல் போனது என்று புதன்கிழமையே பிடித்து வந்தார்களாம். எடுத்ததாக ஒப்புக்கொள் என்று அடி. உள்ளங்காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. அவர் மனைவி வேலை நடக்கும் இடத்திலேயே ஓலைக் குடிசையில் இருக்கிறாள், புருஷன் எங்கே போனான் என்று தெரியாமல்.

"அண்ணாச்சி, நான் இங்க இருக்கது ஒருத்தருக்கும் தெரியாது. கொன்னு போட்டாலும் தெரியாது," என்றார்.

எனக்குப் பயம் வந்தால் நாக்கு இன்னும் நீளும். அவரையே என் ஊர்வலமாக்கிக்கொண்டேன். நான் மெல்ல "இன்குலாப்" என்பேன், அவர் "ஜிந்தாபாத்" சொல்ல வேண்டும். முதலில் கம்பிக்கு வெளியே பார்த்துப் பார்த்து முனகினார். போகப்போகச் சிரித்துக்கொண்டே சொன்னார். ஏட்டு வந்து இரண்டு பேரையும் திட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் ஞாயிறு. என்னை மாஜிஸ்திரேட் வீட்டுக்கே கொண்டுபோனார்கள். கொத்தனாரைக் கூப்பிடவில்லை. போலீஸ் பேரில் புகார் உண்டா என்று கேட்பார், இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இரு என்று ஏட்டு வழியிலேயே பாடம் நடத்தினார்.

மாஜிஸ்திரேட் வராந்தாவில் வேட்டியும் பனியனுமாக இருந்தார். "பராதி வல்லதும் உண்டோ?" என்று அதே கேள்வியைக் கேட்டார். ஏட்டுவின் மூச்சு என் பிடரியில் பட்டது. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அது எப்போது என் பேச்சைக் கேட்டிருக்கிறது?

"எனக்கு ஒன்றும் இல்லை ஸார். கூட இருக்கிற கொத்தனாருக்குத்தான் வருத்தம். நேற்று வந்த என்னை உங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக அழைத்து வந்துவிட்டார்கள். புதன்கிழமை வந்தவரை இன்னும் அழைக்கவே இல்லை," என்று என் அரைகுறை மலையாளத்தில் சொல்லி, வழக்கம்போல நானே முதலில் சிரித்தேன்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. மாஜிஸ்திரேட்டின் பேனா நின்றுவிட்டது. போலீஸ்காரர்களைக் கேட்டுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, என்னை முதலிலிருந்து சொல்ல வைத்தார். பிடித்துவந்த யாரையும் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும், அது அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அரசியல் சட்டம் என்பது டெல்லிக்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட விவகாரம் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

ஏட்டுவைக் கூப்பிட்டுக் கேட்டார். அப்படி ஒரு ஆளே இல்லை, இவன் ஒரு கோமாளி, சாலைக் கடைத்தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள் என்றார் ஏட்டு. அதில் கடைசி இரண்டும் உண்மை. நான் பாடுபட்டுச் சேர்த்த பேர் அன்றைக்கு என் கழுத்தையே பிடித்தது. மாஜிஸ்திரேட் சட்டையை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

நாங்கள் போய்ச் சேருவதற்குள் தகவல் முந்திப் போயிருந்தது. லாக்கப் காலி. தரை கழுவின ஈரம்கூடக் காயவில்லை. எஸ்.ஐ. பணிவோடு எல்லாவற்றையும் திறந்து காட்டினார். மாஜிஸ்திரேட் திரும்பி என்னைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக ஒரு கோமாளியை நம்பி வந்துவிட்டோமே என்கிற பார்வை. இவர் வாசலைத் தாண்டிவிட்டால் என் கதை என்ன? அந்த மனுஷன் கதை என்ன? ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக வார்த்தை வரவில்லை. வந்தது இதுதான்.

"இன்குலாப்!"

ஒரு கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். எஸ்.ஐ. கையை ஓங்கிக்கொண்டு வந்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை கத்தினேன்.

பின்பக்கம், பிடித்த சைக்கிள்களைப் போட்டுவைக்கும் கொட்டகையிலிருந்து, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு பேசுவதுபோல ஒரு குரல் வந்தது.

"ஜிந்தாபாத்."

ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. பிறகு மாஜிஸ்திரேட் தானே நடந்துபோய் அந்தப் பூட்டின் முன் நின்று, "துறக்கு," என்றார்.

சைக்கிள்களுக்கு நடுவே சுருண்டு கிடந்தார் கொத்தனார். இரண்டு பேர் தாங்கி வெளியே கொண்டுவந்தபோதும், என்ன நடக்கிறது என்று புரியாமல், என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மாஜிஸ்திரேட் அவரை எஸ்.ஐ.யின் நாற்காலியில் உட்காரவைத்து, தான் நின்றுகொண்டே அவர் சொன்னதை எழுதினார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார், மனைவிக்கு ஆள் விடச் சொன்னார். அந்த ஸ்டேஷன்காரர்களுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. ஜாமீனில் வந்த என்னிடம், முதலாளி ஒரு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்றார். அவர் சொல்லாவிட்டாலும் திறந்திருக்க மாட்டேன்.

இன்றைக்கும் எங்காவது ஊர்வலத்தில் அந்தக் கோஷம் கேட்டால், கூட்டம் பதில் சொல்லி அடங்கிய பிறகும் ஒரு நிமிஷம் நின்று காதைக் கொடுக்கிறேன், ஏதாவது பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒற்றைக் குரல் வருகிறதா என்று.