அக்கா சேர்த்த ‘ஆம்’

செம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு விளம்பர வீடியோ எடுக்கப் போன இடத்தில்தான் அந்த அக்காவைப் பார்த்தேன். வாங்க வருகிறவர்களுக்கு ஃப்ளாட்டைச் சுற்றிக்காட்டுவது அவர் வேலை. எந்நேரமும் தலைமேல் ஒரு கூலிங்கிளாஸ் இருக்கும். அது கண்ணுக்கு இறங்கி நான் பார்த்ததே இல்லை.

“மழைக்குத் தண்ணி நிக்குமான்னு கேட்டா, நிக்காதுன்னு சொல்லணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே” என்று மேனேஜர் அவரைக் காலையிலேயே மிரட்டியிருந்தார். போன மழையில் அந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது இருவருக்குமே தெரியும்.

புருஷனோடும் கைக்குழந்தையோடும் வந்த ஒரு பெண் அதையேதான் கேட்டார்.

“நிக்காதாம் மேடம்” என்றார் அக்கா, முகம் நிறையச் சிரிப்போடு.

யாரோ சொன்னதாகச் சொல்லும் அந்த ‘ஆம்’ அந்தப் பெண்ணின் காதில் சரியாக விழுந்தது. “பக்கத்து வூட்ல விசாரிச்சுட்டு வர்றோம்” என்று புருஷனை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மேனேஜர் குதித்தார். “அந்த ‘ஆம்’ எதுக்கும்மா?”

“நீங்க சொன்னதைத்தானே சார் சொன்னேன்? நானா பாத்திருந்தா ‘ஆம்’ போட மாட்டேன்.”

மேனேஜர் வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் அக்கா பக்கத்தில் போனேன். “வேலை போயிடாதாக்கா?”

“ஒழுங்கா இருந்தா போகாதாம் தம்பி. சார்தான் சொன்னாரு.”

வீடியோவில் பேச எனக்கு எழுதித் தந்திருந்த வரிகளை எடுத்தேன். பஸ் ஏறிப் போகவேண்டிய தாம்பரம் ஸ்டேஷன் கூப்பிடு தூரமாம். வருஷம் முழுக்க ஏரிக்காற்றாம். சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னால் ஒரு வரிகூடப் பேச முடியவில்லை.